மூன்றாவது டிரம்மில் நுரை

பெரம்பலூரைத் தாண்டி அரியலூர் ரோட்டில் கால் மணி நேரம் போயிருப்போம். டெம்போவின் பின்பக்கம் ஐந்து நீல டிரம்கள். அவற்றுக்கு நடுவே நானும் என் அண்ணன் மனைவி பச்சையம்மாள் அண்ணியும். ஈரச் சாக்கை விலக்கி மூன்றாவது டிரம்முக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மேல் நுரை கட்டியிருந்தது.

சோறு பொங்கும்போது வருமே, அந்த வெள்ளை நுரை இல்லை. பழுப்பாக, விரலால் தொட்டால் உடையாமல் ஒட்டிக்கொள்கிற நுரை. முகர்ந்து பார்த்தேன். கழுவாத மாட்டுக்கொட்டகை வாடை அடித்தது. அதற்குக் கீழே விரல் நீளக் கட்லா மீன் குஞ்சுகள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

மீன் வளர்க்கிறவர்கள் இதைப் படித்தால் இப்போதே புரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பயணம் போகிற மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால், கீழே இருக்கிற தண்ணீர் அதற்குத் தண்ணீராக இல்லை என்று அர்த்தம்.

"என்ன சரசு, இதுங்க எல்லாம் நம்மளப் பாக்க வருதா?" என்றார் அண்ணி. சிரித்த முகம்.

பதினோரு பெண்களும் ஒரு ஏரியும்

போன வாரம் குரும்பலூரில் நானும் என் வீட்டுக்காரரும் குளம் வெட்டி மீன் குஞ்சு வளர்க்கத் தொடங்கிப் பட்ட பாட்டை எழுதியிருந்தேன். இது அதற்கு மூன்று நான்கு வருஷம் கழித்து நடந்தது. இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. தேதி நினைவில்லை. வெள்ளிக்கிழமை என்பது மட்டும் மறக்காது.

நான் பிறந்த ஊர் செந்துறைக்குப் பக்கம். ஊர் ஏரியில் மீன் பிடிக்கிற உரிமை எத்தனையோ காலமாக ஒரே வீட்டிடம் இருந்தது. எங்கள் ஆட்கள் அந்த ஏரிக்குக் கீழே இருந்த வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். ஏரியில் கால் கழுவலாம், அவ்வளவுதான். அந்த வருஷம் அண்ணியோடு சேர்த்துப் பதினோரு பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஏரியைக் குத்தகைக்குக் கேட்டார்கள்.

ஊர்க் கூட்டத்தில் சிரித்தவர்கள் அதிகம். கடைசியில் ஒரு கெடு வைத்தார்கள். வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்குள் ஏரியில் உயிர் மீன் விட வேண்டும். விட்டால் ஏரி பெண்களுக்கு. இல்லாவிட்டால் வழக்கமாக எடுக்கிறவருக்கே.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு மாதம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஏரியில் மண்டிக் கிடந்த காட்டாமணக்கை வேரோடு பிடுங்கிக் கரையேற்றினார்கள். குஞ்சு என் குளத்திலிருந்து. கூட்டிப்போக அண்ணியே முதல் நாள் காலையில் தூக்குவாளியோடு பஸ் ஏறி வந்துவிட்டார். பெண் அழைக்க வருகிற மாதிரி தலை நிறையக் கனகாம்பரம்.

பட்டினிதான் மருந்து

குரும்பலூரிலிருந்து எங்கள் ஊருக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் இருக்கும். மனிதனுக்குப் பக்கம்தான். விரல் நீளக் குஞ்சுக்கு அது நெடுந்தூரம். டிரம்மில் இடம் கிடையாது, ஓட வழி கிடையாது, ஒவ்வொரு பள்ளத்துக்கும் தண்ணீர் அலைகிறது. பயந்த குஞ்சு இரண்டு மடங்கு மூச்சு விடும். அந்த நேரத்தில் வயிற்றில் தீனி இருந்தால் அதுவும் கழிவாக வெளியே வரும். காற்றுக் குழாய் வைத்தாலும் கழிவு சேர்ந்த தண்ணீரில் மீனுக்கு மூச்சு முட்டிப்போகும்.

அதனால் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு முழு நாள் குளத்துக்குள் கட்டிய துணி வலைத் தொட்டிலில் குஞ்சுகளை விட்டுப் பட்டினி போட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதல் வருஷம் ஒரு நடையில் பாதி செத்துப்போயிற்று. அன்று ஏற்ற மறந்து தொட்டிலின் மூலையில் இரண்டு நாள் தீனி இல்லாமல் கிடந்த குஞ்சுகளை அடுத்த நடையில் கொண்டு போனோம். அவற்றில் ஒன்றுகூடச் சாகவில்லை. என் மறதி கற்றுக்கொடுத்த பாடம் அது.

இந்த முறையும் எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தேன். தொட்டில் கட்டினேன், தீனியை நிறுத்தினேன். மாலையில் பெரம்பலூர் போய் ஆக்சிஜன் சிலிண்டர் எடுத்து வந்தேன். விடியற்காலையில் வெயில் ஏறுமுன் ஏற்றினேன். டிரைவர் ரஹீம் பாயிடம் பிரேக்கை மெதுவாகப் போடச் சொல்லியிருந்தேன். அவரும் பள்ளம் வந்தால் முன்கூட்டியே, "தங்கச்சி, பிடிச்சுக்கங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தார்.

பிறகு இந்த நுரை எங்கிருந்து வந்தது?

ரெண்டு மொறம்

அரியலூர் நெருங்கும்போது டெம்போ நின்றது. முன்னால் ரயில்வே கேட். கேட்டுக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து ரோட்டை அடைத்துக் கிடந்தது. அதற்குப் பின்னால் வரிசையாக லாரிகள். வெள்ளைப் புழுதி பறந்தது. ஐப்பசியோடு மழை முடிந்திருந்ததால் காலை வெயிலே சுள்ளென்று அடித்தது.

மற்ற டிரம்களையும் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் நூல் நூலாகக் கழிவு மிதந்தது. பட்டினி கிடந்த குஞ்சுக்கு அப்படி வராது.

"அண்ணி, நேத்து சாயங்காலம் நான் டவுனுக்குப் போயிருந்தப்ப யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலையே."

"தொட்டில் பக்கம்?"

அண்ணி முந்தானை நுனியை முறுக்கினார். எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு கை தவுடுதான் சரசு. கூட கொஞ்சம் கடலப் புண்ணாக்கு. வூட்டுக்கு அழைச்சிட்டுப் போற புள்ளைங்க, வெறும் வயித்தோடயா கூட்டிட்டுப் போறது? கிட்டப் போனா வாய வாயத் தொறந்துக்கிட்டு வந்துச்சுங்க. நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்."

"ஒரு கையா?"

"ரெண்டு மொறம்."

நான் கோபக்காரி. இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு அது தெரியும். ஆனால் அன்று சொன்னது கோபத்தில் சேர்த்தி இல்லை, கொடுமையில் சேர்த்தி.

"சோறு போட்டே கொன்னுட்டீங்க அண்ணி. பதினோரு பொம்பளைங்க பாட்டையும் சேத்துக் கொன்னுட்டீங்க."

தூக்குவாளியில் எனக்கென்று கட்டி வந்திருந்த புளிச்சோற்றைத் திறந்து என்னிடம் நீட்டப் போன அண்ணி அப்படியே மூடி வைத்தார்.

லாரியில் போன கல்யாணப் பெண்

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்குக் கல்யாணம் முடிந்து குரும்பலூருக்கு என்னை லாரியில்தான் அழைத்துப் போனார்கள். புறப்படும் முன் என்னைச் சாப்பிட வைத்தது இதே அண்ணி. ஐந்து இட்லி, கேசரி, அதன் மேல் தயிர்ச்சோறு. "போற எடத்துல எந்நேரம் எலை போடுவாங்களோ" என்று ஊட்டிக்கொண்டே இருந்தார். அரியலூர் வருவதற்குள் எல்லாவற்றையும் பட்டுப்புடவையில் வாந்தி எடுத்துவிட்டேன். மாமியார் என்னைப் பார்த்த முதல் கோலம் அதுதான்.

எங்கள் பக்கம் யாரும் வெறும் வயிற்றோடு வாசல் தாண்டக் கூடாது. சந்தைக்கு ஓட்டிப் போகிற மாட்டுக்குக்கூட ஒரு முறம் தவிடு வைத்து, அது தின்று முடித்த பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பார்கள். அதிலும் அண்ணி சின்ன வயதில் பசித்த வயிற்றோடு நடவுக்குப் போனவர். அவர் கைக்கு ஒருவரைப் பட்டினியாக அனுப்பத் தெரியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தொட்டிலை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு, தீனி போடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் டவுனுக்குப் போனது யார்? நான்தான்.

அன்று கேட் முன்னால் நின்றபோது இந்த நியாயம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

பன்னிரண்டு படி

ரஹீம் பாய் இறங்கிப் பின்னால் வந்தார்.

"கேட் இப்போதைக்குத் தெறக்காது தங்கச்சி. கிரேன் வரணுமாம். வர்ற வழியில பருத்திக்காட்டுல ஒரு கெணறு பாத்தேன். திருப்பிடவா?"

"திருப்புங்க பாய்."

அந்த நெரிசலில் டெம்போவைத் திருப்புவதற்குள் அவருக்குச் சட்டை நனைந்துவிட்டது. நான்காவது டிரம்மில் ஒரு குஞ்சு பக்கவாட்டில் சாய்ந்து நீந்த ஆரம்பித்தது. கையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே வந்தேன்.

பருத்திக்காட்டில் ஒருவர் முதுகில் டேங்க் மாட்டி மருந்து அடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னோம்.

"தொட்டி நெறைய தண்ணி கெடக்கு, மொண்டுக்கங்க" என்று கை காட்டினார்.

நான் சொல்லுமுன் அண்ணி டெம்போவில் கிடந்த குடத்தோடு ஓடினார். முதல் குடத்தைத் தூக்கி வந்து மூன்றாவது டிரம்மின் விளிம்பில் வைத்துச் சாய்க்கப் போகும்போது ஏதோ நெடி மூக்கில் ஏறியது. தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன். மூலையில் காலி மருந்து பாட்டில் மிதந்தது.

"கொட்டாதீங்க அண்ணி."

குடத்தைச் சட்டென்று நிமிர்த்தினார். ஒரு சொட்டுகூட டிரம்முக்குள் விழவில்லை. காட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, ஆமாங்க. அதுலதான் டேங்க் கழுவுனேன். மாட்டுக்கே காட்ட மாட்டேன், எனக்குத் தோணல பாருங்க. மோட்டார் போடலாம்னா கரண்டு பத்து மணிக்குத்தான் வரும். கெணத்துல எறங்கித்தான் மொள்ளணும்."

மழை பெய்த வருஷமானதால் கிணற்றில் பன்னிரண்டு படி இறங்கினால் தண்ணீர். அண்ணி அந்தக் குடத்தை மூன்று முறை கழுவினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். அவருக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு குடம். ஏறி வந்து வைப்பார், வாய் திறக்காமல் திரும்ப இறங்குவார். ரஹீம் பாய் ஒரு வாளியோடு பின்னால். காட்டுக்காரரும் டேங்க்கைக் கழற்றி வைத்துக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து சேர்ந்தார்.

அவசரமாக ஊற்றவும் முடியாது. கிணற்றுத் தண்ணீர் குளிர்ச்சி, டிரம் தண்ணீர் வெதுவெதுப்பு. திடீரென்று மாற்றினால் கழிவில் சாகாத குஞ்சு குளிரில் சாகும். பாதித் தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியே விட்டேன். புதுத் தண்ணீரை உயரத்திலிருந்து வலைத்துணி வழியாகச் சிறுகச் சிறுக விட்டேன், போகும்போது காற்றையும் சேர்த்துக்கொண்டு போகட்டும் என்று. கடைசியில் டிரம்முக்கு ஒரு பிடி கல்லுப்பு. அலுத்துப்போன குஞ்சுக்கு அது கொஞ்சம் தெம்பு.

"இப்பவே உப்புப் போட்டுட்டீங்களே தங்கச்சி" என்றார் ரஹீம் பாய். யாரும் சிரிக்கவில்லை. அவரே, "அல்லா இருக்கான்" என்று முணுமுணுத்துவிட்டுக் கிணற்றுக்குப் போனார்.

எத்தனை குடம் என்று நான் எண்ணவில்லை. முடித்தபோது அண்ணியின் இரண்டு முழங்கால்களும் படியில் இடித்து ரத்தம் கசிந்திருந்தன. நான்கு டிரம்களில் குஞ்சுகள் கீழே இறங்கிவிட்டன. மூன்றாவதில் இறங்கவில்லை. ஒவ்வொன்றாக வெள்ளை வயிற்றைக் காட்டின.

அண்ணி அதைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

ஏரிக்குள் நின்ற டிரம்கள்

முறிந்த லாரி நகர்ந்து, கேட் திறந்து, அரியலூர் கடந்து, செந்துறை ரோட்டில் எங்கள் ஊர் ஏரிக்கரை தெரிந்தபோது சூரியன் தலைக்கு மேல் வந்துகொண்டிருந்தது. கரை முழுக்க ஆட்கள். பத்துப் பெண்களும் காலையிலிருந்து நின்ற இடத்திலேயே நின்றார்கள். வழக்கமாக ஏரி எடுக்கிறவர் தன் வண்டியில் சாய்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பச்சையம்மா, மீன் விட வந்தியா, கருவாடு காயப்போட வந்தியா?"

கரையில் சிரிப்பு எழுந்தது. செத்த டிரம்மைச் சாக்குப் போட்டு மூடி வண்டியிலேயே விட்டுவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். அண்ணி அதைத்தான் முதலில் இறக்கச் சொன்னார். சாக்கை எடுத்துவிட்டு டிரம்மை ஊர்த் தலைவர் முன்னால் வைத்தார்.

"இது செத்துப் போச்சுங்க. நான் செஞ்ச தப்பு. தீனி போடக் கூடாத நேரத்துல போட்டுட்டேன். சரசு மேல எந்தத் தப்பும் இல்ல. மிச்சம் நாலு டிரம் உசுரோட இருக்கு. வந்து பாருங்க."

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். தலைவர் நான்கு டிரம்களையும் குனிந்து பார்த்தார்.

"உசுரோடதான் இருக்கு. விடுங்க, நேரமாச்சு."

அதுதான் முடியாது. ஏரித் தண்ணீரை டிரம்மில் கலந்து கலந்து, குஞ்சு பழகிய பிறகே விட வேண்டும். அரை மணி நேரமாவது ஆகும். நான் சொன்னேன். கடிகாரக்காரர் கையை உயர்த்தினார்.

"பேச்சு பேச்சுதான். உச்சிக்குள்ள ஏரியில மீன் இருக்கணும். கரையில இல்ல."

கொட்டிவிடலாமா என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது. கொட்டினால் ஏரி பெண்களுக்கு. ஆனால் மறுநாள் காலை கரையோரம் செத்து ஒதுங்கும். உச்சி தாண்டினால் மீன் பிழைக்கும், ஏரி போய்விடும். பதினோரு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

அண்ணிதான் குனிந்து ஒரு டிரம்மின் விளிம்பைப் பிடித்தார்.

"பிடிங்கடி."

இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து டிரம்மைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். ஒரு மாதம் காட்டாமணக்கு பிடுங்கிய கால்களுக்கு எங்கே பள்ளம், எங்கே மேடு என்று தெரியும். இடுப்பளவுத் தண்ணீரில் நான்கு டிரம்களையும் நிறுத்திச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள்.

அண்ணி கரையைப் பார்த்துச் சொன்னார். "ஏரிக்குள்ளதாங்க இருக்கு. எப்ப கதவ தொறந்து விடணுங்கிறது எங்க பாடு."

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இருக்குதான்யா" என்றார். கடிகாரக்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அரை மணி நேரம் சொம்பு சொம்பாக ஏரித் தண்ணீரை டிரம்முக்குள் விட்டோம். வெயிலில் தலை கொதித்தது. யாரும் அசையவில்லை. பிறகு டிரம்களை மெல்லச் சாய்த்தோம். குஞ்சுகள் வெளியே வந்து எங்கள் கால்களைச் சுற்றியே நின்றன. போகவில்லை. செத்துவிடுமோ என்று பயந்தேன். ஒன்று திரும்பியது. அதன் பின்னால் எல்லாம் திரும்பி ஆழத்துக்குப் போயின.

கரையேறியதும் அண்ணி மூன்றாவது டிரம்மைக் கரைக்குப் பின்னால் எடுத்துப் போய்க் குழி தோண்டிச் செத்த குஞ்சுகளைப் புதைத்தார். சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. நான் சொன்னதற்கு அன்றே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வீம்பு.

அடுத்த நடை

ஏரி பெண்களிடமே நின்றது. முதல் மீன்பிடிப்பில் பெரிய கட்லா ஒன்றை அண்ணி எனக்குக் கொடுத்து அனுப்பினார். பேச்சு மட்டும் பழையபடி இல்லை. "நல்லாருக்கியா", "நல்லாருக்கேன்" என்பதோடு முடிந்துவிடும்.

மறு வருஷம் குஞ்சு எடுக்க அண்ணியே வந்தார். முதல் நாள் காலையில் தொட்டிலில் குஞ்சுகளை விட்டேன். அண்ணி ஒரு முக்காலியை இழுத்துக் குளத்தங்கரையில் போட்டு உட்கார்ந்தார். கையில் ஒரு குச்சி. பக்கத்து வீட்டுப் பெண் பழைய சோற்றைத் தொட்டிலில் கரைக்கப் போனபோது, "இன்னிக்குக் கூடாது, பயணம் போகுதுங்க" என்று விரட்டினார். மதியம் சாப்பிடக் கூப்பிட்டேன். அப்புறம் என்றார். மாலையில் காபி கொண்டு போனேன். வேண்டாம் என்றார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் தட்டில் சோறு போட்டு எடுத்துப் போனேன். குஞ்சுகள் அவர் பக்கமாக வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அண்ணி முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

"காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்புடல. என்ன அண்ணி இது?"

"எறங்க மாட்டேங்குது சரசு. இதுங்களப் பட்டினி போட்டுட்டு நான் மட்டும் எப்படித் திங்கிறது? நாளைக்கு ஏரியில விட்டுட்டு சாப்புட்டுக்கறேன்."

பைத்தியமா உங்களுக்கு என்று திட்டினேன். நான் வேறு என்ன செய்வேன். திட்டிவிட்டு உள்ளே போய் எனக்குப் போட்டு வைத்திருந்த சோற்றைப் பானையிலேயே திரும்பக் கொட்டினேன். இன்னொரு முக்காலியை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.